ஆட்டக்காரரும் ஆசானும்

கால்பந்தாட்டத்தில் புகழ் பெற்ற வீரரே சிறந்த பயிற்சியாளர் ஆவார் என்று பலரும் கருதுகின்றனர். பெக்கன்பாவரைப் போல இரண்டிலும் சிறந்தோர் உளர். ஆயினும் அது பொது விதியன்று. பிரான்சு நாட்டு ஆர்சென் வெங்கர் அதற்குச் சான்றாவார்.

1949ஆம் ஆண்டில் பிறந்த அவர், ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றவர். அந்நகரக் குழு 1979இல் பிரெஞ்சுப் போட்டியில் முதலிடம் பெற்றது. தடுப்பாட்டக்காரரான வெங்கருக்கு வேகம் போதவில்லை. ஆதலின் அக்குழுவில் அவர் ஆடிய ஆட்டங்கள் மிகச் சிலவே. அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. 1981இல் பயிற்சியாளர் சான்றிதழ் பெற்று, அக்குழுவின் இளைஞர்களைப் பயிற்றுவிக்கலானார்.

1988இல் மொனாக்கோ குழுவை முதலிடத்திற்கு உயர்த்தினார். 1996இல் இலண்டனின் ஆர்செனல் குழுவை ஏற்றபோது, 'யார் இவர்?' என்று வினவினோர் பலர். அவரோ வீரர்களின் உணவையும் பயிற்சியையும் ஒழுங்குபடுத்தினார். 1998, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் கிட்டிற்று. 2003–04 பருவத்தின் 38 ஆட்டங்களில் 26 வெற்றி, 12 சமன். தோல்வி ஒன்றேனும் இல்லை.

இதற்குக் காரணம் என்ன? கணக்கு எளிதில் வரும் மாணவன், அதைத் தோழனுக்கு விளக்க இயலாமல் திகைப்பதை வகுப்பறையில் பன்முறை கண்டிருக்கிறேன். தட்டுத் தடுமாறிக் கற்றவனோ ஒவ்வொரு படியையும் எடுத்துக் காட்டுவான்; தான் எங்கே இடறினோம் என்பது அவனுக்கு நினைவிருக்கும்.

பள்ளிக் குழுவில் இடம் கிடைக்காத மாணவன் எவனேனும் இதனைக் கேட்பானாயின், அவன் மைதானத்தை விட்டு அகல வேண்டா. ஓரத்தில் நின்றேனும் ஆட்டத்தை ஊன்றிக் கவனிப்பானாக.