ராஸ் தீவின் பூந்தோட்டமும் கைதிகளின் உழைப்பும்

தோட்ட வரலாறுகள் பெரும்பாலும் செடிகளைப் பேசுகின்றன. மண்ணைக் கொத்திய கைகளைப் பேசுவதில்லை. அந்தமானின் ராஸ் தீவு இதற்குத் தக்க சான்று.

1858 மார்ச் 10 அன்று மருத்துவர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் போர்ட் பிளேரை அடைந்தார். ராஸ் தீவின் அடர்காட்டை வெட்டித் திருத்தியவர்கள் கைதிகளே. நோயாலும் தூக்குக் கயிற்றாலும் பலர் மாண்டனர். அவ்வாறு திருத்திய நிலத்தில்தான் தலைமை ஆணையரின் மாளிகை, தேவாலயம், டென்னிஸ் களம், புல்வெளி, பூந்தோட்டம் ஆகியவை எழுந்தன. ஐரோப்பியர் இல்லங்களில் தோட்டவேலை செய்தவர்களும் கைதிகளே.

மெக்சிகோ மேட்டுநிலத்தின் டாலியா உதகைக் குளிரில் எளிதாக வேரூன்றியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மி.மீ. மழை பெய்யும் அந்தமானிலோ அதன் கிழங்கு அழுகிவிடும். இத்தகைய மண்ணில் ஆங்கிலேயத் தோட்டம் என்பது காட்டோடு நாள்தோறும் நடத்திய போராட்டம். அதை நடத்தியது ஊதியத்துக்கு வந்த உழைப்பன்று. தண்டனையாகச் சுமத்தப்பட்ட உழைப்பு.

1941 ஜூன் 26 நிலநடுக்கத்துக்குப் பின் ஆட்சித் தலைமையிடம் ராஸை விட்டு அகன்றது. பராமரிக்கும் கைகள் நீங்கியதும் காடு திரும்பியது. இன்று அச்சுவர்களை ஆலின வேர்களே தாங்கி நிற்கின்றன. 2018இல் அத்தீவு நேதாஜியின் பெயரைப் பெற்றது. தோட்டம் வளர்த்தோரின் பெயர்களை அங்கு எந்தச் சுவரும் சொல்வதில்லை.