மண்ணெண்ணெயில் ஓடிய ஹொண்டா

பழைய மோட்டார் சைக்கிளொன்றை வாங்கி, அது ஏன் சீராக ஓடவில்லை என்று விளங்காமல் வீதியோரத்தில் நின்றவர்கள் உலகெங்கும் உண்டு. பெற்றோலே கிடைக்காத ஊரில் மோட்டார் சைக்கிள் பழகியவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அந்தச் சிலரில் நானும் ஒருவன்.

1990 யூன் மாதம் இரண்டாம் கட்ட ஈழப்போர் வெடித்ததைத் தொடர்ந்து யாழ். குடாநாட்டின் மீதான பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், டீசல், மின்கலம் என்பன வடக்கே வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லாது போயிற்று. அச்சுத்தாள் இல்லாமையால் நாளிதழ்கள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாள்களில் வெளிவந்த காலம் அது. மண்ணெண்ணெய் மாத்திரம் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்துகொண்டிருந்தது. விளக்கெரிக்க வந்த அந்த எண்ணெயிலேயே குடாநாட்டின் வாகனங்கள் ஓடத் தொடங்கின.

இது யாழ்ப்பாணத்தவரின் தனிக் கண்டுபிடிப்பு எனப் பெருமையுடன் கூறுவோர் உளர். வரலாறு சற்று வேறானது. பிரித்தானியப் பண்ணைகளில் உழவு இயந்திரங்கள் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய ஓர் எரிபொருளில் நெடுங்காலம் ஓடியிருக்கின்றன. 1949இல் வெளிவந்த பெர்கசன் டீ.இ.டி. 20 உழவு இயந்திரத்தைப் பெற்றோலில் கிளப்பி, இயந்திரம் சூடேறிய பின்னர் மலிவான எண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத எண்ணெய் பற்றுவதுமில்லை. அழுத்தம் மிகுந்தால் அது காலம் முந்தித் தானே பற்றி இயந்திரத்தைத் 'தட்ட' வைக்கும். எனவே அந்த உழவு இயந்திரங்களின் அழுத்த விகிதத்தையும் குறைத்தே அமைத்திருந்தார்கள்.

நமது மோட்டார் சைக்கிள்களுக்கு இந்த ஏற்பாடுகள் எவையும் இருக்கவில்லை. சிறிய பிளாஸ்டிக் போத்தலொன்றில் பொன்போலச் சேமித்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, காலால் உதைத்துக் கிளப்புவோம். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய் ஏற்றுக்கொள்ளும். பின்னால் வெண்புகை எழும். குடாநாட்டு வீதிகள் யாவும் அந்நாள்களில் குப்பி விளக்கின் மணத்தோடுதான் இருந்தன.

1991இல் நான் வாங்கியது 'ஹொண்டா நைன்ரி' என்று எம்மவர் அழைக்கும் சி 90. 1958இல் ஜப்பானில் அறிமுகமான 'சுப்பர் கப்' குடும்பத்தைச் சேர்ந்தது அது. உணவுத் தட்டை ஒரு கையில் ஏந்தியபடி மறுகையால் ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அந்த வண்டிக்குக் கைப்பிடிக் கிளச் இல்லாமல் அமைத்தார்கள் என்பர். 2017இல் அக்குடும்பத்தின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. என்னைப் போன்ற புதியவனுக்கு அதைவிட எளிய வண்டி வேறில்லை. வெளிநாடு செல்லவிருந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர், ஓராண்டாகக் கொட்டிலில் நின்ற வண்டியை மலிவாகத் தந்தார்.

ஒன்றரை மைல் தூரம் ஒழுங்காக ஓடும். பின்னர் இருமும், இழுக்கும், நின்றுவிடும். நான் இருக்கையைத் தூக்கி, அதன் கீழுள்ள தாங்கியின் மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்து மூடுவேன். பின்னர் பிளக்கைக் கழற்றி, மண் கடதாசியால் தேய்த்துப் பூட்டி உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். மீண்டும் ஒன்றரை மைல். குற்றவாளி பிளக்தான் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமிருக்கவில்லை. கிடைத்தற்கரிய அந்தக் காலத்தில் இரண்டு மாதங்களில் மூன்று பிளக்குகளை மாற்றினேன். அதுவும் போதாமல் காபரேற்றரின் திருகாணிகளை மனம்போனபடி திருகி, இருந்த ஒழுங்கையும் கெடுத்தேன்.

கொக்குவிலில் கராஜ் வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் ஈற்றில் வண்டியைத் தள்ளிச் சென்றேன். அவர் சாவியைக் கையில் எடுக்கவே இல்லை. கேள்விகள் மாத்திரம் கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் ஒரே தூரத்திலையோ தம்பி நிக்குது?"

"ஓம் அண்ணை."

"நிண்ட உடனை என்ன செய்யிறனீர்?"

"பிளக்கைக் கழட்டித் துடைக்கிறனான்."

"அதுக்கு முதல்?"

"எண்ணெய் கிடக்கோ எண்டு மூடியைத் திறந்து பாப்பன்."

அவர் சிரித்தார். "அடுத்த முறை நிண்டால் மூடியை மட்டும் திறந்து மூடும். வேறை ஒண்டையும் தொடாதையும்."

அவ்வாறே செய்தேன். பிளக்கைத் தொடாமலே வண்டி கிளம்பியது. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, அதிலிருந்த காற்றுத் துவாரம் மெழுகுதிரி மெழுகால் அடைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. தன்னிடம் எஞ்சிய பெற்றோல் ஆவியாகிப் போகாதிருக்க முன்னைய உரிமையாளர் செய்த வேலை அது. தாங்கியில் எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிடின் எண்ணெய் கீழிறங்காது. நான் மூடியைத் திறந்த கணத்திலேயே நோய் தீர்ந்துவிட்டது. புகழ் பிளக்கைச் சேர்ந்தது.

அன்று முதல் அந்த முதியவரிடம் மாலை நேரங்களில் பாடம் கேட்டேன். நெருப்பு, எண்ணெய், காற்று, அழுத்தம் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தால்தான் இயந்திரம் நிற்கும் என்பார். பிளக்கின் நுனி காய்ந்த கரியாக இருந்தால் எண்ணெய் மிகை. வெளுத்திருந்தால் எண்ணெய் குறைவு. நனைந்திருந்தால் எண்ணெய் வந்தும் பற்றவில்லை. மண்ணிறமாக இருந்தால் சுகம். சோக்கை இழுத்தால் மட்டும் ஓடுகிறதென்றால் காபரேற்றரின் சிறு துவாரத்தில் அழுக்கு இருக்கிறதா, எங்காவது காற்றுக் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். திருகாணியைக் கழற்றுமுன் எத்தனை சுற்று என்று எண்ணவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது திருத்தியது என்று ஒருபோதும் தெரியாது.

இதனைப் பத்திரிகைப் பணியிலும் கைக்கொள்ள முயன்றிருக்கிறேன். ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை எல்லாம் ஒன்றினால் ஒன்று நடந்தவை அல்ல. செய்தி எழுதும்போது இதனை மறந்து நான் விட்ட பிழைகள் மூன்று பிளக்குகளிலும் அதிகம்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். மழை பெய்துகொண்டிருந்தது. அம்மாவைப் பின்னால் ஏற்றி, துணி மூட்டையை முன்னால் வைத்துச் செம்மணி வழியாக நடை வேகத்தில் ஊர்ந்தேன். நாவற்குழிப் பாலத்தை அடையுமுன் வண்டி நின்றது. நிற்பதற்கு இடமில்லாத சனம். இரு புறமும் நீர்.

"தம்பி, இதை விட்டிட்டு நடப்பமே?" என்றார் அம்மா. அவரால் அரை மைல்கூட நடக்க இயலாது என்பது இருவருக்கும் தெரியும்.

முதலில் மூடி. பழுதில்லை. எண்ணெய் இருந்தது, இறங்கியது. பிளக்கைக் கழற்றினேன், நனைந்து கறுத்திருந்தது. ஊர்ந்து செல்லும் வேகத்தில் இயந்திரத்தின் சூடு போதாமல் மண்ணெண்ணெய் எரியாது தேங்கியிருக்கிறது. இம்முறை பிளக் உண்மையாகவே குற்றவாளி. பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த மாற்று பிளக்கைப் பூட்டினேன். அம்மா குடையைத் தமக்குப் பிடிக்காமல் இயந்திரத்துக்குப் பிடித்தார். போத்தலில் எஞ்சிய பெற்றோலை விட்டு உதைத்தேன். நான்காவது உதையில் கிளம்பியது. விடியும்போது கைதடியில் இருந்தோம்.

1996இல் ஊர் திரும்பியபோது அந்த இயந்திரம் முடிந்துவிட்டிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து, இயந்திர எண்ணெயைத் தண்ணீராக்கி, உலோகத்தைத் தின்றிருந்தது. மண்ணெண்ணெய் வண்டிகளின் பொது விதி அது.

2022 யூலையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்ற பங்கீடு நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அவ்வேளை உறவுக்காரப் பையன் ஒருவன், புதிதாக வாங்கிய பழைய வண்டி வழியில் வழியில் நிற்கிறதென்று வந்தான். பிளக், காபரேற்றர், வயர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டதாகச் சொன்னான்.

"அது கிடக்கட்டும். நிண்ட உடனை முதல் என்ன செய்தனீ?" என்று கேட்டேன்.