தாத்தாவின் துப்பாக்கிக்கு வயது என்ன?

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நடந்த ஒரு விஷயத்தால் இந்தக் கட்டுரை. போன முறை கணக்கு, இந்த முறை துப்பாக்கி.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவில். ஆத்மநாதர் கோவிலின் கொடுங்கையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். எங்கள் வீட்டில் பார்க்க ஒரே ஒரு பொருள்தான் உண்டு: தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியாக மருந்து கெட்டித்து, குதிரைக்கு அடியில் கேப்பு வைத்துச் சுடுவது. பயிரை மேய வரும் பன்றியை விரட்ட அவருடைய அப்பா காலத்தில் லைசென்ஸ் வாங்கியது. இப்போது அது பயணம் போவது தேர்தலுக்கு மட்டும்தான். தேதி அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்தபின் திரும்ப வாங்கி வருவார்.

அது மருது சகோதரர்களின் படையில் இருந்த துப்பாக்கி என்பது தாத்தாவின் கதை. 1801 அக்டோபரில் காளையார்கோவில் விழுந்து, அந்த மாதம் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்ட பிறகு, வடக்கே தப்பி வந்த ஒரு வீரன் எங்கள் முன்னோரிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். இந்தக் கதை எப்படியோ வெளியே பரவி, ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்துவிட்டார். 'ஆன்டிக் பீஸ்' என்றார். அவர் சொன்ன தொகையில் நான் ஒரு பைக் வாங்கி, மிச்சத்தில் இரண்டு வருட ஃபீஸும் கட்டலாம். தாத்தா யோசிக்கிறேன் என்றார். நான்தான் ஒரு வாரம் தூங்கவில்லை.

விற்பது இருக்கட்டும், அது உண்மையிலேயே 1801ஆ? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சந்தேகம் கேப்பு. 1801இல் கேப்புத் துப்பாக்கியே கிடையாது. அன்று கும்பினிப் படையிடமும் பாளையக்காரர்களிடமும் இருந்தவை சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்புபவையும், திரி வைத்துப் பற்ற வைப்பவையும்தான். பிரிட்டிஷ் ராணுவமே கேப்புக்கு மாறியது 1840களில். ஆனால் இதோடு முடிவு கட்டக்கூடாது. பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகள் ஆயிரக்கணக்கில் பிற்பாடு கேப்புக்கு மாற்றப்பட்டன. அப்படி மாற்றியிருந்தால் விசைத் தகட்டில் பழைய திருகுகள் இருந்த ஓட்டைகளை அடைத்த தடம் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு அடைப்பும் இல்லை. அந்தத் தகடு பிறந்ததே கேப்புக்காகத்தான்.

அடுத்தது முத்திரை. கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கி என்றால் அதன் சின்னம் இருக்க வேண்டும். 1808க்கு முன் இதய வடிவத்துக்குள் கம்பெனியின் எழுத்துகள், மேலே 4 போன்ற ஒரு குறி. அதற்குப் பிறகு மகுடத்தைப் பிடித்தபடி எழுந்து நிற்கும் சிங்கம். ஆக 1801 என்று சொல்லி விற்கப்படும் துப்பாக்கியில் சிங்கம் இருந்தால் சொல்பவர் பொய் சொல்கிறார், அல்லது அவருக்கே தெரியவில்லை. எங்களுடையதில் இதயமும் இல்லை, சிங்கமும் இல்லை. ஒரு மகுடம், அதன் கீழே வி.ஆர். என்று விக்டோரியா ராணியின் எழுத்துகள், பாதி தேய்ந்துபோன 1860. கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்து ராணி ஆட்சி வந்துவிட்டதல்லவா? கணக்கு சரியாக உட்கார்ந்தது. மருது கதை அங்கேயே முடிந்தது.

தாத்தாவிடம் உடனே சொல்ல மனம் வரவில்லை. குழலையாவது அளந்து பார்ப்போம் என்று ஒரு வெர்னியர் கடன் வாங்கினேன் (இன்ஜினியரிங் படித்ததற்கு வீட்டுக்குக் கிடைத்த முதல் பயன்). இங்கேதான் உண்மையான கதை ஆரம்பிக்கிறது.

மூன்று பட்டை, 39 அங்குலக் குழல் என்று வெளித்தோற்றம் முழுக்க 1853 மாடல் என்ஃபீல்டு. 1857இல் மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று புரட்சிக்குத் திரி கிள்ளிய தோட்டா இதற்கானதுதான். அதன் குழல் வாய் .577 அங்குலம், அதாவது சுமார் 14.7 மி.மீ. உள்ளே மூன்று சுழல் வரிப்பள்ளங்கள் ஓடும். குண்டு சுழன்றுகொண்டே போவதால் பல நூறு கஜம் தாண்டியும் குறி தவறாது. எங்கள் துப்பாக்கியின் வாய் பதினாறரை மி.மீ.க்கும் மேல். உள்ளே ஒரு வரி கூட இல்லை, வழவழவென்று இருந்தது.

தேய்மானம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை நண்பர்களே. 1857க்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளைக்காரச் சிப்பாயின் ஆயுதத்துக்கு இணையான ஆயுதம் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அதற்காக என்ஃபீல்டு குழல்களைக் குடைந்து வரிகளை அழித்து .656 அங்குலம் (சுமார் 16.7 மி.மீ.) ஆக்கினார்கள். தூரத்துக்கு ஏற்றபடி உயர்த்தும் குறிப்பலகையை எடுத்துவிட்டு அசையாத ஒரு சின்னக் கட்டையை வைத்தார்கள். பிறகு தொடக்கத்திலிருந்தே வரியில்லாமல், தடித்த குழலோடு செய்தார்கள். 1858, 1859 மாடல்கள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அதே துப்பாக்கிதான். சுட்டால் நூறு கஜத்துக்கு மேல் நம்ப முடியாது. பீரங்கிகளையும், மலைப் படைகளில் இருந்த சிலவற்றைத் தவிர, இந்தியர் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த வழக்கம் வெகுகாலம் நீடித்தது. 1878-80 ஆப்கன் போரில் வெள்ளையரிடம் மார்ட்டினி ஹென்றி, பக்கத்தில் நின்ற இந்தியரிடம் பழைய ஸ்னைடர். எப்போதும் ஒரு தலைமுறை பின்னால்.

உள்ளூர்க் கொல்லர் ரவை போட்டுச் சுடுவதற்காக வரிகளைக் குடைந்து எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்படியும் நிறைய நடந்திருக்கிறது. ஆனால் ரவைக்குக் குடைகிறவர் புதுக் குறிக்கட்டை வைக்க மெனக்கெட மாட்டார். எங்களுடையதில் அந்தக் கட்டை இருக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் நான் நம்புகிறேன்.

மற்ற ராணுவத் துப்பாக்கிகளுக்கும் இதே மாதிரிதான் துப்பறிய வேண்டும். என்.சி.சி.யில் தூக்கிய .303 ஞாபகம் இருக்கிறதா? வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்ததென்றால் பிடிக்குப் பக்கத்தில் முத்திரை இருக்கும். மகுடமும் ஜி.ஆர்.ஐ.யும் என்றால் ஜார்ஜ் மன்னர்களின் காலம், அசோகச் சிங்கம் என்றால் சுதந்திரத்துக்குப் பிந்தையது. குழல், போல்ட், முன்மூக்கு எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால்தான் சேகரிப்பாளர் 'ஒரிஜினல்' என்பார். போல்ட் எண் மாறினாலே விலை இறங்கும், சுடுவதற்கும் ஆபத்து. டி.பி. என்று குத்தியிருந்தால் அது டிரில்லுக்கு மட்டும். கைபர் கணவாய்ப் பக்கம் கையால் செய்த போலிகளில் என்ஃபீல்டு என்ற பெயரிலேயே ஒரு எழுத்து திரும்பி நிற்கும். 1901 ஜனவரியில் இறந்துபோன விக்டோரியாவின் முத்திரை 1907 என்ற ஆண்டோடு இருக்கும். செய்தவருக்கு ஆங்கிலம் தெரியாது, பார்த்து வரைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

விலை என்பதெல்லாம் அமெரிக்காவில் பேசலாம். இங்கே .303 தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் வைத்திருக்கவே முடியாது. எங்களுடையதைப் போன்ற கேப்புத் துப்பாக்கியைக்கூட லைசென்ஸ் உள்ளவருக்குத்தான், அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு விற்கலாம். பழம்பொருள் என்றால் விலக்கு உண்டே என்று புரோக்கர் சொன்னார். 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவைப் படித்தேன். பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்குத்தான் அந்த விலக்கு. தாத்தாவின் துப்பாக்கி போன தீபாவளிக்கு வெடித்தது. நூறு வருடம் தாண்டிய பொருள் என்பதால் அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கும் போக முடியாது.

இதையெல்லாம் விட ஒரு சோகம் உண்டு. கட்டைக்கு வார்னிஷ் அடித்து, இரும்பை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பார் தாத்தா. கட்டையில் குத்தியிருந்த படைப்பிரிவு எண்ணோ என்னவோ, ஒன்றிரண்டு கோடுதான் மிச்சம். கோவில்களில் மணல் வீசிச் சுத்தம் செய்கிறோம் என்று கல்வெட்டைக் கெடுத்தார்களே, அதே கதை. அந்த எண் மட்டும் இருந்திருந்தால் எந்தப் படையின் சிப்பாய் தூக்கியது என்று தேடியிருக்கலாம்.

கடைசியில் தாத்தாவிடம் சொன்னேன். மருது துப்பாக்கி இல்லை தாத்தா, வெள்ளைக்காரன் நம்ம சிப்பாய்க்குக் கொடுத்தது, அதுவும் வேண்டுமென்றே மட்டமாக்கிக் கொடுத்தது என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு குழலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"வரிய அழிச்சுட்டா குடுத்தான்?" என்றார். "அவ்வளவு பயமாடா நம்மள கண்டு?"

புரோக்கருக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. வார்னிஷ் டப்பாவை நான் ஒளித்து வைத்துவிட்டேன். 2024 தேர்தலுக்கு ஸ்டேஷனில் கொடுத்த ரசீதை எடுத்துப் பார்த்தேன்: 'பழைய எஸ்.பி.எம்.எல். துப்பாக்கி - 1' என்று எழுதியிருந்தது.