காஞ்சிபுரம் நெசவாளரும் மிதிவண்டியும்

கோவை, மதுரை போன்ற ஆலை நகரங்களில் மிதிவண்டி என்றதும் நினைவுக்கு வருவது, சங்கு ஊதும் நேரத்தில் ஆலை வாசலை நோக்கி விரையும் தொழிலாளர் கூட்டம். காஞ்சிபுரத்தின் கதை வேறு. பட்டுத் தறி வீட்டுக்குள்ளேயே இருந்ததால், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வேலைக்குப் போக வாசற்படியைக் கூடத் தாண்ட வேண்டியதில்லை. தறிக்குழியில் கால் வைத்தால் வேலை தொடங்கிவிடும். இங்கே மிதிவண்டி ஏறிப் பயணம் செய்தது நெசவாளரைக் காட்டிலும் அவருடைய வேலை என்றே சொல்ல வேண்டும்.

காரணம், தறியில் ஏறும் சரக்கு பெரும்பாலும் நெசவாளருக்குச் சொந்தமில்லை. கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்து ஜரிகையும் கூட்டுறவுச் சங்கம் அல்லது முதலாளி வழியாகவே அவர் கைக்கு வரும். காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா ஆகிய பெயர்களில் இயங்கும் சங்கங்கள் இவ்வூரில் புகழ் பெற்றவை. பாவையும் ஊடையையும் எடை போட்டு வாங்க வேண்டும். நெய்து முடித்த சேலையை எடை போட்டுத் திருப்பித் தர வேண்டும். ஒரு சேலைக்குப் பத்து நாளும் ஆகும், வேலைப்பாடு கூடினால் இருபது நாளும் ஆகும். சேலையைத் துணியில் சுற்றி வண்டியின் கேரியரில் கட்டிக்கொண்டு சங்கத்துக்குப் போவதுதான் கூலி கைக்கு வரும் நாள். குறை கண்டால் பிடித்தம் உண்டு என்பதால், மழை நாளில் அந்தப் பயணம் மனத்தைப் பதறச் செய்வது.

கூலி சேலைக்குத்தானே தவிர நேரத்துக்கு இல்லை. வாலாஜாபாத் சாலையிலுள்ள ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவு ஊர்களிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்து போகும் பொழுது முழுவதும் தறி சும்மா கிடக்கும். பத்து கி.மீ. தொலைவை நடந்து போய்த் திரும்ப நான்கு மணி நேரம் பிடிக்கும். மிதிவண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். மிச்சமாகும் பொழுது நெசவுக்குத் திரும்பியது. மேடு பள்ளம் அதிகமில்லாத சமவெளி என்பதும் உதவியது.

முதலில் ஓடியவை இங்கிலாந்திலிருந்து வந்த வண்டிகள். 1949-இல் முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைத் தயாரித்த பின்னர், மிதிவண்டி சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டும் பொருளாகியது. வாங்க முடியாதவர்க்கு மணிக்கணக்கில் தரும் வாடகை சைக்கிள் கடை இருந்தது. நகராட்சி வில்லை இல்லாத வண்டிக்கும், இரவில் விளக்கில்லாத வண்டிக்கும் அபராதம் விதிக்கப்பட்ட காலம் அது.

இந்தப் பயணம் பெரும்பாலும் ஆண்களுடையது. நூல் இழைப்பது, தார் சுற்றுவது என்று நெசவில் பாதி உழைப்பு பெண்களுடையது. ஆனால் சங்கத்துப் படியேறிக் கூலி வாங்கியவர் வண்டி ஓட்டத் தெரிந்தவரே. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு பெண்களுக்கு மிதிவண்டியும் கற்றுத் தந்தது. கல் குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் ஆண்களுக்கான வண்டிகளிலேயே ஏறிப் பழகினார்கள். அவர்களுடைய வேலை வீட்டுக்கு வெளியே இருந்தது. காஞ்சிபுரத்துப் பெண்ணின் வேலையோ வீட்டுக்குள் இருந்தது. அதனாலேயே அவருக்கும் ஒரு வண்டி தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

1980-இல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட், கேரியரில் இருந்த பாவு மூட்டையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பெரிய மாற்றம் அதற்குப் பின்னர் வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகின. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் மாதச் சம்பளத்துக்குப் போகத் தொடங்கினார்கள். வேலை வீட்டுக்கு வெளியே போனபோது, அவர்களை ஏற்றிச் சென்றது கம்பெனிப் பேருந்து. மிதிவண்டி தேவைப்பட்டது, பேருந்து நிற்கும் இடம் வரைக்கும்தான்.