பார்க்காமல் அள்ளும் பை

1988. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கடன் பட்டியலைக் கணினியில் அச்சடிக்க ஆரம்பித்த புதிது. சி மொழியில் அந்த நிரலை எழுதியவன் நான். முதல் பட்டியல் வந்ததும் ஊழியர் ஒருவர் சிரித்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தார். அவருடைய கடன் பாக்கி 80,000 ரூபாய். தாளிலோ 14,464 என்று இருந்தது. மாதத் தவணை 1 ரூபாய்! "இப்படியே இருக்கட்டும் சார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விவரங்களை டைப் செய்த பெண்ணைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டேன். பாவம், அவர் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தார். மறுபடியும் அதே 14,464, அதே 1. தவறு அவருடையது அல்ல, என்னுடையது. அது என்ன தவறு என்று சொல்ல, சி மொழியின் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஃபங்ஷன் என்பது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து தரும் சிறு நிரல். வழக்கமாக அதற்கு இரண்டு மதிப்பு வேண்டும் என்றால் இரண்டுதான் கொடுப்போம். பிரிண்ட்எஃப் என்ற அச்சிடும் ஃபங்ஷன் அப்படியல்ல. இன்று இரண்டு எண், நாளை ஐந்து எண் என்று எத்தனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எத்தனை வந்தன என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது! முதலில் கொடுக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்பும், அவ்வளவுதான்.

கரண்ட் போன நேரத்தில் மளிகைப் பையைப் பிரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் "அரிசி 2 படி, பருப்பு 2 படி" என்று இருக்கிறது. கடைக்காரர் அரிசியை 4 படி போட்டுவிட்டார். இருட்டில் 2 படி அள்ளி அரிசி டப்பாவில் போடுவோம். அடுத்த 2 படியும் அரிசிதான், ஆனால் பருப்பு டப்பாவில் விழும். உண்மையான பருப்பு பையின் அடியிலேயே கிடக்கும்.

என் நிரலில் நடந்தது இதுதான். அந்தக் கணினியில் சாதாரண முழு எண்ணுக்கு 2 பைட், பெரிய எண்ணுக்கு 4 பைட். பாக்கித் தொகை 4 பைட். நான் சீட்டில் 2 பைட் எண் என்று எழுதிவிட்டேன். 80,000 என்பது 65,536-உம் 14,464-உம் சேர்ந்தது. கீழ்ப்பாதியான 14,464 பாக்கியாக அச்சானது. மேல்பாதியான 1 தவணையாக அச்சானது. உண்மையான தவணையை யாரும் தொடவே இல்லை.

இந்த வழக்கம் சி மொழிக்கு முன்பே தொடங்கியது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் உருவாக்கிய பி மொழியிலேயே பிரிண்ட்எஃப் உண்டு. சீட்டுக்குப் பிறகு ஒன்பது மதிப்புகள் வரை என்று வைத்து, முதல் மதிப்பின் முகவரியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்வார்கள். பி மொழியில் எல்லா மதிப்பும் ஒரே அளவு, அதனால் அளவு பிசகாது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியபோது மதிப்புகளுக்கு வகைகள் வந்தன. வகையோடு வெவ்வேறு அளவுகளும் வந்தன. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

பிடிபி-11 கணினியில் மதிப்புகளைக் கடைசியிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அதனால் முதல் மதிப்பான சீட்டு எப்போதும் மேலே, தெரிந்த இடத்தில் இருக்கும். மற்ற இயந்திரங்களில் அடுக்கும் முறை வேறாக இருந்தது. 1978-இல் ரிட்சியும் பிரையன் கெர்னிகனும் எழுதிய புகழ்பெற்ற சி புத்தகமே, இதை எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தும்படி எழுதத் திருப்தியான வழி இல்லை என்று ஒப்புக்கொண்டது.

பிறகு வேர்ஆர்க்ஸ் என்ற தலைப்புக் கோப்பு வந்தது. இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் தந்திரங்களை அது தனக்குள் மறைத்துக்கொண்டது. 1989-இல் அமெரிக்கத் தரநிலை வந்தபோது அதன் இடத்தை எஸ்டிடிஆர்க் பிடித்தது. 'இதற்குமேல் எத்தனையும் வரலாம்' என்பதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகள் வைக்கும் வழக்கத்தை சி++ மொழியிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். தொடங்கு, அடுத்ததை எடு, முடி என்று மூன்று கட்டளைகள். ஆனால் அடுத்தது என்ன வகை என்பதை எடுப்பவர்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பாகவே வரும்.

இன்றைய 64 பிட் லினக்ஸ் கணினிகள் பலவற்றில் முதல் ஆறு முழு எண்கள் செயலியின் உள்ளறைகளிலேயே போகின்றன. தசம எண்களுக்குத் தனியாக எட்டு அறைகள். மிச்சம்தான் அடுக்கில். இத்தனையையும் அந்தக் கோப்பு நமக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறது. நம்பிக்கை மட்டும் பழையபடியே இருக்கிறது.

அந்த நம்பிக்கையைத் திருடர்களும் கண்டுகொண்டார்கள். சீட்டை நிரல் எழுதியவர் எழுதாமல், வெளியார் அனுப்பிய வரியையே சீட்டாகக் கொடுத்துவிட்டால்? பிரிண்ட்எஃப் அதையும் நம்பும். அதில் நினைவகத்தில் எழுதச் சொல்லும் குறி ஒன்றும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் டபிள்யூயூ-எஃப்டிபிடி என்ற பிரபலமான கோப்புப் பரிமாற்ற நிரலில் இந்த ஓட்டை வெளிப்பட்டது. எங்கிருந்தோ ஒருவர் முழுக் கணினியையும் கைப்பற்ற அது வழிவிட்டது.

இப்போதைய கம்பைலர்கள் சீட்டையும் பையையும் ஒப்பிட்டு எச்சரிக்கின்றன. நான் அன்று பயன்படுத்தியது எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் சீட்டை ஒருமுறை நானே படித்துப் பார்த்திருக்கலாம்.

ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்ததும் பட்டியல் சரியாகிவிட்டது. மறுநாள், கடிந்துகொண்ட அதே இடத்தில், எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார். ஆனா அந்த ரெண்டு நாள் அடிச்சது?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை.