கணக்கில் வராத ஆண்டு: இரு கொள்ளைநோய்களும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டும்

கொள்ளைநோய்களின் சமூக வரலாற்றில் மருத்துவமனை, துறைமுகம், சந்தை, தொழிற்சாலை ஆகியன விரிவாகப் பேசப்படுகின்றன. விளையாட்டுத் திடல் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவைப் பொறுத்தவரை இதனால் ஒரு முதன்மையான சான்று நம் கைநழுவிப் போகிறது. அங்கே கல்லூரி விளையாட்டு என்பது கல்வியின் ஓர் அங்கம்; பல கோடி டாலர் புரளும் வணிகம்; உயர்கல்விக்குள் நுழைவதற்கான ஒரு வாயிலும்கூட. நோய் வந்து திடலைப் பூட்டியபோது இம்மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்திருந்தன என்பது வெளிப்பட்டது. 1918, 2020 ஆகிய இரு ஆண்டுகளை அருகருகே வைத்து இதைக் காண முயல்கிறேன்.

1918ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் போரும் இன்ஃப்ளூயன்சாவும் ஒருசேரக் கல்லூரிகளைத் தாக்கின. அக்டோபர் 1 அன்று மாணவர் இராணுவப் பயிற்சிப் படை தொடங்கப்பட்டு, 500க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் வளாகங்கள் பாசறைகளாயின. அதே மாதத்தில் நோயும் உச்சத்தை எட்டியது. கால்பந்துப் பருவம் சில ஆட்டங்களாகச் சுருங்கியது. அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் ஆட்டத்தைக் காண வந்தோர் முகக்கவசம் அணிந்து அமர்ந்திருக்கும் ஒளிப்படம் ஒன்று அப்பருவத்தின் நினைவாக இன்றும் கிடைக்கிறது.

நிர்வாக வரலாற்றில் இப்பருவம் ஒரு முன்னுதாரணத்தை விட்டுச் சென்றது. வழக்கமாகத் தடை செய்யப்பட்டிருந்த முதலாண்டு மாணவர்கள் அவ்வாண்டு ஆட அனுமதிக்கப்பட்டனர். ஆடிய பருவமோ வீரர்களின் தகுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கிப் 1917 முதல் 1920 வரை நான்கு பருவங்கள் ஆட முடிந்தது இதனால்தான். கிப் 1920 டிசம்பரில் தொண்டைத் தொற்றும் நிமோனியாவும் கண்டு இறந்தார். அவர் பெயரைச் சுற்றி எழுந்த புகழ்க்கதையின் பெரும்பகுதி அந்தக் கூடுதல் பருவத்தில் விளைந்தது.

நோயும் போரும் ஓய்ந்த பின் வணிகம் சுருங்கவில்லை, பெருகியது. 1922இல் ஒஹாயோவிலும் 1927இல் மிச்சிகனிலும் மாபெரும் அரங்குகள் எழுந்தன. அவற்றின் இருக்கைகளை நிரப்ப வெற்றி வேண்டும். வெற்றிக்கு வீரர் வேண்டும். வீரரைத் தேடிப் பிடிக்கப் பணம் வேண்டும். கார்னெகி அறக்கட்டளை 1929இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இந்த ஆள்சேர்ப்பையும் அதன் வணிக மனப்பான்மையையுமே கடுமையாகச் சாடியது.

இனி 2020. மார்ச் 12 அன்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. தன் கூடைப்பந்துப் போட்டித் தொடர்களைக் கைவிட்டது. 1939இல் தொடங்கிய ஆண்கள் தொடர் இரண்டாம் உலகப் போரின்போதும் நிற்கவில்லை. இப்போதுதான் முதன்முறையாக நின்றது. சங்கத்தின் வருவாயில் பெரும்பகுதி இத்தொடரின் ஒளிபரப்பு உரிமையிலிருந்து வருவது. ஆகவே உறுப்புக் கல்லூரிகளுக்குப் பகிர்ந்தளிக்கவிருந்த 60 கோடி டாலர் இரண்டே வாரங்களில் 22.5 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதையும் கொடுக்க முடிந்ததற்கு நிகழ்வு ரத்துக்கான 27 கோடி டாலர் காப்பீடு பெருந்துணையாயிற்று.

வருவாய் இழந்த பல்கலைக்கழகங்கள் முதலில் கை வைத்தது வருவாய் ஈட்டாத விளையாட்டுகளில். ஸ்டான்ஃபோர்டு தன் 36 விளையாட்டுகளில் மல்யுத்தம், வாள்வீச்சு, ஆண்கள் கைப்பந்து உள்ளிட்ட 11ஐ நிறுத்தப்போவதாக ஜூலையில் அறிவித்தது. அடுத்த மார்ச்சில் அதன் மல்யுத்த வீரர் ஷேன் கிரிஃபித் பல்கலைக்கழகச் சின்னமேதும் இல்லாத கருப்பு உடையில் களமிறங்கித் தேசியப் பட்டம் வென்றார். பழைய மாணவர்களின் எதிர்ப்பும் வழக்குகளும் சேர, 2021 மே மாதம் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அயோவா பல்கலைக்கழகத்தில் பெண்கள் நீச்சலணி மீண்டது பாலினச் சமத்துவத்துக்கான 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையால். அதனுடன் நீக்கப்பட்ட ஆண்கள் அணிகளுக்கு அத்தகைய கேடயம் இல்லை. எந்த அணி பிழைக்கும் என்பதை விளையாட்டின் தகுதி தீர்மானிக்கவில்லை. அதன் பின்னே நின்ற சட்டமும் செல்வாக்குமே தீர்மானித்தன.

ஆள்சேர்ப்பில் நிகழ்ந்தது இதைவிட ஓசையற்றது, ஆழமானது. முதற்பிரிவுக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் மாணவர்களை நேரில் சந்திக்க 2020 மார்ச் 13 அன்று விதிக்கப்பட்ட தடை, நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு 2021 மே 31 வரை நீடித்தது. ஏறத்தாழ பதினான்கரை மாதங்கள் பள்ளித் திடலுக்குப் பயிற்சியாளர் வரவில்லை. கல்லூரி வளாகத்துக்கு மாணவர் அழைக்கப்படவில்லை. ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்குக் காணொலி அழைப்பே போதுமானதாக இருந்தது. கடைசி ஆண்டில்தான் உடலும் ஆட்டமும் ஒருசேர முதிரும் மாணவரை எவரும் பார்க்கவில்லை. சில மாநிலங்களில் அவர் ஆடுவதற்குப் பருவமே இல்லை.

அதே வேளையில் 1918இன் ஏற்பாடு மீண்டது. 2020 மார்ச் 30 அன்று வசந்தகால வீரர்களுக்கும், பின்னர் இலையுதிர்கால, குளிர்கால வீரர்களுக்கும் அவ்வாண்டு தகுதிக் கணக்கில் சேராது என முடிவாயிற்று. உள்ளே இருந்தவர்களுக்கு இது நீதி. ஆனால் முதன்மைக் கால்பந்தில் ஓர் அணிக்கு உதவித்தொகை இடங்கள் அப்போது 85ஆக இருந்தன. ஆண்டுக்குப் புதியவர் 25 பேர் என்ற வரம்பும் அப்போது இருந்தது. கடைசி ஆண்டு வீரர்களுக்கு மட்டும் 2021இல் வரம்பு தளர்த்தப்பட்டது. அதன் பின் கூடுதல் ஆண்டு பெற்ற ஏனையோர் யாவரும் அதே 85க்குள் அடங்க வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரலில் ஒருமுறை கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்ற விதியும் வந்தது. பயிற்சியாளரின் முன் இப்போது இருவர் நின்றனர்: கல்லூரி ஆட்டத்தில் சோதிக்கப்பட்ட இருபத்திரண்டு வயதினர் ஒருவர், ஓராண்டாக எவரும் நேரில் காணாத பதினேழு வயதினர் ஒருவர். தேர்வு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா மாற்றங்களையும் நோயின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட உரிமை தரும் கலிஃபோர்னியச் சட்டம் 2019இலேயே நிறைவேறியது. கல்லூரி மாறுவோர் பதிவேடு 2018இல் தொடங்கியது. நோய் செய்தது வேறு. வளாகத்தில் வகுப்புகளைக் காணொலிக்கு மாற்றிவிட்டு ஆட்டக்காரர்களை மட்டும் திடலுக்கு வரவழைத்தபோது, 'இவர்கள் முதலில் மாணவர்கள்' என்ற நெடுநாள் வாதத்தின் வலு குறைந்தது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மரம் முன்னரே உளுத்திருந்தது. காற்று அந்த ஆண்டில் வீசியது.

நமக்கும் இதில் சிந்திக்க இடமுண்டு. 2020இல் தில்லிப் பல்கலைக்கழகம் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான களத்தேர்வை நடத்தாமல் சான்றிதழ்களைக் கொண்டே சேர்க்கையை முடித்தது. அந்நேரத்தில் வேறு வழி கடினம்தான். எனினும் சான்றிதழ் என்பது முன்பே வாய்ப்புக் கிடைத்ததற்கான சான்று. களத்தேர்வு, வாய்ப்புக் கிடைக்காதவருக்கும் திறந்திருக்கும் கதவு.

இரு நூற்றாண்டுகளிலும் நிர்வாகங்கள் ஓர் ஆண்டைக் கணக்கிலிருந்து நீக்க முடிந்தது. அந்த ஆண்டின் வயதை எவர் உடலிலிருந்தும் நீக்க முடியவில்லை. உள்ளே இருந்தவர்களின் இழப்பு விதியாக, தீர்மானமாக, ஆவணமாகப் பதிவாகியுள்ளது. வாயிலில் நின்றவர்களின் இழப்புக்கு ஆவணமே இல்லை. சேராத மாணவருக்குச் சேர்க்கைப் பதிவேட்டில் வரி கிடையாது. விளையாட்டு வரலாற்றில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவ நண்பர்கள் இந்த வெற்றிடத்திலிருந்து தொடங்கலாம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளி முடித்த ஆட்டக்காரர்கள் இன்னும் இருபதுகளில்தான் இருக்கிறார்கள். வாய்மொழி வரலாற்றைத் தொகுக்க இதுவே தக்க தருணம்.