குறுந்தகட்டின் அட்டவணை

இசைத்தட்டைப் போலவே குறுந்தகட்டிலும் பாதை ஒரே சுருளாகச் செல்கின்றது. ஆயின் இது மையத்தருகே தொடங்கி வெளிவிளிம்பை நோக்கி விரிகின்றது. 1982-ல் ஜப்பானில் இசையைத் தாங்கி விற்பனைக்கு வந்த இத்தகட்டில், கணிப்பொறிக்குரிய செய்திகளையும் பதிப்பதற்கு பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் அடுத்த ஆண்டே விதி வகுத்தன. 2,352 பைட்டு கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் 2,048 பைட்டு செய்திக்கு; எஞ்சியதில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்கு. இசையில் ஒரு துளி தவறினால் செவி பொறுக்கும். கணக்கில் ஓர் எண் தவறினால் யார் பொறுப்பார்?

ஆனால் எந்தக் கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்று காட்டும் அட்டவணையைப் பற்றி அவ்விதி ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் வெளியிட்ட தகடு மற்றொருவர் பொறியில் ஊமையாயிற்று. ஆகவே 1985-ல், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், டாஹோ ஏரிப் பக்கம் அந்நாளில் ஹை சியரா என்றழைக்கப்பெற்ற விடுதியில், ஆப்பிள், மைக்ரோசாப்ட், ஹிட்டாச்சி முதலிய நிறுவனத்தார் கூடினர். சூதாட்ட விடுதியொன்றில் இத்தனை நிதானமான உடன்பாடு பிறந்தது வேடிக்கைதான். அவர்கள் வரைவே சிறு மாற்றங்களுடன் 1988-ல் ஐ.எஸ்.ஓ. 9660 என்னும் உலகத்தரமாயிற்று.

அன்று ஒரு சிக்கல் இருந்தது. இன்டெல் சில்லுகள் எண்ணின் சிறு பகுதியை முதலில் வைப்பன. மோட்டரோலா சில்லுகள் பெரும் பகுதியை முதலில் வைப்பன. எம்முறையைக் கொள்வது? அட்டவணையில் கோப்பின் இடத்தையும் அளவையும் இரு முறையிலும் எழுதிவிட்டார்கள்! ரயில் நிலையப் பலகையில் ஒரே ஊர்ப்பெயரைப் பல எழுத்துகளில் கண்டு பழகிய நமக்கு இது புதுமையன்று.

எழுத்து விஷயத்தில் அந்தத் தாராளம் இல்லை. தரத்தின் முதற்படியில் பெயருக்கு எட்டு, பின்னொட்டுக்கு மூன்று. அவையும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவை மட்டுமே. 1995-ல் மைக்ரோசாப்ட் வகுத்த ஜோலியட் முறை, பழைய அட்டவணையின் பக்கத்திலேயே யூனிகோடில் மற்றொன்றை வைத்தது. 64 குறிகள் வரை இடமுண்டு. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துக்கு ஐந்து குறிகள் செலவாகும் என்பது வேறு கதை.

ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய தகட்டில் அழித்தல் இயலாது. பல அமர்வுகளாகப் பதிக்கும்போது, ஒவ்வோர் அமர்விலும் புதிய அட்டவணை எழுதப்படும். பழைய கோப்புகளின் இடமும் அதில் சேர்க்கப்படும். சேர்க்கத் தவறினால் அவை கண்ணுக்குத் தெரியா; ஆயினும் தகட்டில் அப்படியே இருக்கும். நம் வீட்டுப் பழைய தகட்டில் முதலில் பதித்த திருமணப் படங்கள் காணப்படாவிடில், அதனை எறிந்துவிட வேண்டா. முந்தைய அமர்வின் அட்டவணையைத் திறந்து காட்டும் மென்பொருள்கள் உண்டு.